தாது வருடப் பஞ்சமும் மக்கட்பெருக்கமும்: பொம்மிடிப் பகுதியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

சேர்வராயன் மலைக்கு வடபுறத்தே, சோலையார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த சிறு நிலையம் பொம்மிடி. இன்று தருமபுரி மாவட்டத்தைச் சார்ந்த இப்பகுதி, 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. சென்னை இருப்புப்பாதை 1861இல் சேலத்தை எட்டியபோது அதன் எஞ்சின்கள் பெரிதும் விறகையே எரித்தன. தண்டவாளங்களைத் தாங்கும் கட்டைகளும் காடுகளிலிருந்தே வந்தன. 1856இல் சென்னை மாகாணக் காட்டுப் பாதுகாவலராக அமர்த்தப்பெற்ற ஹ்யூ கிளெக்ஹார்ன் இத்தேவையினால் காடுகள் குறைவதை அரசுக்கு உணர்த்த முயன்றார். வரலாற்று நூல்கள் இருப்புப்பாதையை வாணிபம் நுழைந்த வழியாகக் காட்டும். நிலத்தின் சத்து வெளியேறிய வழியாகவும் அதனை நோக்குதல் வேண்டும்.

உயிரினங்களும் அவற்றைத் தாங்கும் மண், நீர், காற்று ஆகியவையும் ஒன்றையொன்று சார்ந்த ஒரே தொகுதி. இதற்குச் சூழ்நிலை மண்டலம் என்று நாம் வழங்கும் கலைச்சொல்லின் மூலத்தை ஆங்கிலேயத் தாவரவியலறிஞர் ஆர்தர் டான்ஸ்லி 1935இல்தான் ஆக்கினார். இம்மண்டலத்தில் கதிரவனின் ஆற்றல் ஒருவழியாய் வந்து வெப்பமாய்க் கழிந்துவிடும். சத்துப்பொருள்களோ மீண்டும் மீண்டும் சுழலவேண்டியவை. உதிர்ந்த இலை மட்குகிறது. மட்கியதை வேர் உண்கிறது. பயிரை உண்ட மாடு சாணத்தால் நிலத்தை ஊட்டுகிறது. தழைச்சத்து குறையின் துவரையும் கொள்ளும் தம் வேர்முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்களால் காற்றிலிருந்து அதனை ஓரளவு மீட்டுத்தரும். மணிச்சத்துக்கு அத்தகைய வழி இல்லை. தானியமாகவோ எலும்பாகவோ ஊரைவிட்டு அகன்ற மணிச்சத்து அகன்றதுதான். பாறை சிதைந்து மண்ணாகும் மெதுவான செயலே அதனை ஈடுசெய்யவேண்டும்.

விறகு அரிதாகும் ஊரில் சாணம் வரட்டியாகி அடுப்புக்குப் போகும். 1882ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டத்தின்கீழ்க் காடுகள் ஒதுக்கப்பட்டபோது, மேய்ச்சலுக்கும் தழை வெட்டுவதற்கும் ஊரார்க்கிருந்த வழக்கங்கள் சுருங்கின. 1889இல் வந்து இந்திய வேளாண்மையை ஆராய்ந்த வேதியியலறிஞர் அகஸ்டஸ் வோல்க்கர், உழவர் சாணத்தை எரிப்பது பெரும்பாலும் விறகின்மையாலேயே என்று 1893இல் வெளிவந்த அறிக்கையில் எடுத்துக்காட்டினார். விறகுக்கும் தீவனத்துக்கும் தனிக்காடுகள் வளர்க்கவேண்டும் என்றார். எண்ணெய் வித்துக்கள் கப்பலேறுவதை மண்ணுக்கு நேரும் இழப்பாகவே அவர் கருதினார்.

இவ்வறிக்கை தாது வருடப் பஞ்சத்துக்குப் பிந்தியது. 1876இல் மழை பொய்த்ததே அப்பஞ்சத்தின் முதற்காரணம். மண் இளைத்தமையால் மட்டும் பஞ்சம் வந்தது என்பது மிகைக்கூற்றாகும். ஆனால் ஆட்சியாளர் தேடிய விளக்கம் வேறு. இங்கிலாந்து திருச்சபையின் குருவானவர் தாமஸ் மால்தஸ், உணவைவிட மக்கள் விரைவாய்ப் பெருகுவர் என 1798இல் எழுதினார். 1805 முதல் 1834இல் இறக்கும்வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, இந்தியாவை ஆளவந்த இளைஞர்க்குப் பொருளியல் கற்பித்தவரும் அவரே. 1877இல் வைஸ்ராய் லிட்டன் அக்கருத்தையே பேசினார். அவ்வாண்டே சர் ரிச்சர்ட் டெம்பிள், பஞ்சப் பணியாளரின் நாட்கூலியை ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் என்னும் அளவுக்குக் குறைத்தார். கடும் உழைப்பு செய்வோர் அவ்வளவில் உயிர்தரிக்க இயலாதென மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் வாதாடினார்.

மக்கட்கணக்கு கூறுவது யாது? சேலம் மாவட்டத்தில் 1871இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் மக்கள். 1881இல் 16 லட்சம். ஐவரில் ஒருவர் குறைந்தனர் எனலாம்; இறந்தோரோடு ஊரைவிட்டு அகன்றோரும் இதில் அடங்குவர். 1891இல் தொகை மீண்டும் 19 லட்சத்து 62 ஆயிரம். 1901இல் 22 லட்சம். மக்கள் மிகுதியே சாவுக்குக் காரணமாயின், அதனினும் மிகுதியானோர் வாழ்ந்த காலத்தில் அத்தகைய பேரழிவு மீண்டும் நிகழ்ந்திருக்கவேண்டும். நிகழவில்லை. 1880ஆம் ஆண்டுப் பஞ்சக்குழு அறிக்கையின்பின் உருவான பஞ்ச விதிகள், எத்தனை குறையுடையனவாயினும், நிவாரணத்தை முன்கூட்டியே ஆயத்தம் செய்யும் கடமையை அரசின்மேல் வைத்தன.

நம் திருச்சபை வரலாறுகள் இப்பஞ்சத்தைப் பெரும்பாலும் திருமுழுக்கு எண்ணிக்கையோடு நினைவுகூர்கின்றன. 1878 ஜூலை 3ஆம் நாள் ஓங்கோல் பாப்திஸ்து அருட்பணியில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றது எல்லாப் பாடநூலிலும் உண்டு. இலண்டன் மிஷனெரி சங்கம் 1827 முதல் பணியாற்றிய சேலத்தில் மண்ணுக்கும் காட்டுக்கும் என்ன நேர்ந்தது என்பது அந்நூல்களில் இடம்பெறவில்லை. ஆதியாகமம் 1:28ஐ வைத்து மக்கட்பெருக்கத்தைப் பற்றிப் பேசும் நாம், நிலத்துக்கு ஏழாம் ஆண்டில் ஓய்வு விதிக்கும் லேவியராகமம் 25ஐ அதனோடு சேர்த்து வாசிப்பதும் அரிது.

இன்று கணக்கு தலைகீழாய் மாறியுள்ளது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 மகவு, மக்கள்தொகையை நிலைநிறுத்தத் தேவையான 2.1க்கும் இது குறைவு. ஆயினும் குடும்பம் சிறுத்த காலத்திலேயே இப்பகுதியில் பெண்சிசுக் கொலை வெளிப்பட்டது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல் தருமபுரிக்கும் நீட்டிக்கப்பட்டது. 1877இல் மிகுதி எனக் கருதப்பட்டோர் கூலியாட்கள், இப்போது பெண்மக்கள்.

இவ்வட்டாரச் சபைகளில் 1876 முதல் 1878 வரையிலான அடக்கப் பதிவேடுகள் எங்கேனும் எஞ்சியிருப்பின், இறந்தோரின் வயதையும் தொழிலையும் ஊரையும் படியெடுக்கும் பணியை நம் மாணவர் எவரேனும் மேற்கொள்ளலாம்.