கெல்லாவும் உடற்பயிற்சி ஆஸ்துமாவும்

கெல்லா என்பது எகிப்திலும் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளிலும் வளரும் மூலிகை. கொத்தமல்லி, ஓமம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியல் பெயர் அம்மி விஸ்னாகா. பூங்கொத்து காய்ந்ததும் அதன் காம்புகள் விறைத்துவிடும்; அவற்றைப் பல்குத்தப் பயன்படுத்துவது அங்கே பழைய வழக்கம். விதைக் கஷாயம், சிறுநீரகக் கல் இறங்கும்போது எழும் வலிக்கு எகிப்தியர் நெடுங்காலம் குடித்துவந்த நாட்டு மருந்து. ஓடினால் இழைப்பு வரும் நோயாளிகளுக்கு 20ஆம் நூற்றாண்டில் கிடைத்த குரோமோகிளைகேட் என்ற மருந்து இதன் வழிவந்தது.

விதையில் உள்ள கெல்லின் என்ற பொருள் 1879-இல் பிரித்தெடுக்கப்பட்டது. இறுகிய மென்தசையைத் தளர்த்துவதே அதன் வேலை. கல்வலி தணிந்தது இதனால்தான். 1940-களில் கெய்ரோவில் பணியாற்றிய உடலியலாளர் கிளெப் அன்ரெப், அது இதயத்தின் ரத்தக்குழாய்களை விரிப்பதைக் கண்டறிந்தார். மூச்சுக்குழாயும் தளர்வதால் ஆஸ்துமாவுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இருந்தது. ஆனால் குமட்டல் தாங்க முடியாததாக இருந்ததால் கெல்லின் நிலைக்கவில்லை.

உடற்பயிற்சி ஆஸ்துமா எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்ததன் அருமை விளங்கும். ஓடுபவர் வாயால் வேகமாக மூச்சு வாங்குகிறார். காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் மூக்கின் வேலை மூச்சுக்குழாயின் உட்சுவர் மீது விழுகிறது. அங்குள்ள நீர் ஆவியாக, மிஞ்சிய ஈரத்தில் உப்பின் செறிவு கூடுகிறது. அது சுவரிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களைத் தூண்டுகிறது. அவை வெளிவிடும் ஹிஸ்டமின், லியூக்கோட்ரையீன் முதலியவற்றால் குழாய்த் தசை இறுகுகிறது. ஓட்டம் நின்ற 5 முதல் 10 நிமிடங்களில் இழைப்பு உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தானே அடங்கும். குளிர்ந்த, வறண்ட காற்றில் தொல்லை கூடுதல்.

இங்கிலாந்தின் பெங்கர்ஸ் ஆய்வகம் (பின்னாளில் ஃபைசன்ஸ் நிறுவனம்) 1950-களில் கெல்லினின் மூலக்கூறை மாற்றி மாற்றிப் புதுப் பொருள்களை உருவாக்கியது. 1956-இல் அங்கே சேர்ந்த மருத்துவர் ரோஜர் அல்தூனியன் சிரியாவின் அலெப்போவில் வளர்ந்தவர். அவருக்கே ஆஸ்துமா இருந்தது. விலங்குச் சோதனைகள் துணைசெய்யாத நிலையில் அவர் தன் நுரையீரலையே ஆய்வுக்களமாக்கினார். புதுப் பொருளை முதலில் உள்ளிழுப்பார். பிறகு தனக்கு ஒவ்வாத கினிப்பன்றி முடிச் சாற்றை நுகர்ந்து இழைப்பை வரவழைத்து, மூச்சின் அளவைக் குறித்துக்கொள்வார். நூற்றுக்கணக்கான பொருள்களை ஆண்டுக்கணக்கில் இப்படியே சோதித்தார். இவ்வளவு பெரிய தியாகத்தை மருந்து வரலாறு போதிய அளவு பேசவில்லை என்றே சொல்ல வேண்டும். 1965-இல் குரோமோகிளைகேட் கைக்கு வந்தது.

அதன் இயல்பு தாய்ப்பொருளுக்கு நேர்மாறானது. கெல்லின் இறுகிய தசையைத் தளர்த்தும். குரோமோகிளைகேட் தளர்த்தாது, இறுக்கத்துக்குக் காரணமான பொருள்களை மாஸ்ட் செல்கள் வெளிவிடாதபடி முன்கூட்டியே தடுக்கும். மூச்சுக்குழாயின் உணர்வு நரம்புகளையும் அமைதிப்படுத்துகிறது. எனவே தொடங்கிவிட்ட இழைப்பை அது நிறுத்தாது. ஓடுவதற்குச் சற்று முன் இழுத்துக்கொண்டால் ஓரிரு மணி நேரம் காக்கும். விழுங்கினால் குடல் அதை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை என்பதால் பொடியாக உள்ளிழுக்க வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் விமானப் பயிற்றுநராக இருந்த அல்தூனியன், மூச்சை இழுத்ததும் குட்டி விசிறி சுழன்று பொடியைத் தூவும் ஸ்பின்ஹேலர் கருவியை அமைத்தார்.

பக்கவிளைவு மிகக் குறைவு. தொண்டைக் கரகரப்பு, இருமல் உண்டு. நாள்தோறும் தடுப்பு மருந்தாக எடுப்பவர்கள் நான்கு வேளை இழுக்க வேண்டியிருந்ததும், ஸ்டீராய்டு இன்ஹேலர்கள் மேலான பலன் தந்ததும் அதைப் பின்னுக்குத் தள்ளின. கண்சொட்டு மருந்தாகவும் மூக்குத் தெளிப்பாகவும் இன்றும் விற்பனையில் உள்ளது. ஓட்டத்துக்கு முன் மருத்துவர்கள் இப்போது பெரும்பாலும் பரிந்துரைப்பது மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால். அடிக்கடி தேவைப்படுவோருக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரும் சேரும். முறையான வார்ம்-அப் பயிற்சியும் பலருக்கு உதவுகிறது.

கெல்லா விதைக் கஷாயத்தைக் குடித்துவிட்டு ஓடப் போவது இந்த மருந்துக்கு ஈடாகாது. செடியில் குரோமோகிளைகேட் கிடையாது. அது ஆய்வகத்தில் பிறந்த பொருள். விதையில் இருப்பது கெல்லின். அதன் அளவும் செடிக்குச் செடி மாறும். குமட்டலோடு, வெயில் பட்டால் தோல் பாதிக்கப்படும் அபாயமும் உண்டு. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் அதை அறவே தவிர்க்க வேண்டும்.