பீதிக் கோளாறும் வெளியிட அச்சமும்: ஆளுமை குறித்த கருத்துகளின் வரலாறு

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதி மலையடிவாரத்தில் உள்ள செண்பகத்தோப்புக் காட்டில் யானையை எதிரே காண்பவருக்கு நெஞ்சு படபடக்கும், உடல் வியர்க்கும், கால் நடுங்கும். அச்சம் பிறக்கும் நான்கு இடங்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகியவற்றைக் கூறுகிறது. இவற்றுள் எதுவுமே இல்லாமல், பேருந்து நிலையத்தில் நிற்கும் ஒருவருக்கு அதே படபடப்பு திடீரென வந்து, மீண்டும் மீண்டும் தாக்கினால் அது பீதிக் கோளாறு. ‘அங்கே போனால் மறுபடி வருமோ, தப்பிக்க முடியாதோ’ என்று கடைத்தெரு, கூட்டம், பயணம் ஆகியவற்றைத் தவிர்ப்பது வெளியிட அச்சம் (அகோராபோபியா). அகோரா என்பது கிரேக்க நகரங்களின் சந்தைவெளி.

இப்பெயரை 1871-இல் பெர்லின் மருத்துவர் கார்ல் வெஸ்ட்ஃபால் வழங்கினார். அவர் விவரித்த மூவரும் ஆண்கள். அகன்ற சதுக்கத்தைத் தனியாகக் கடக்க முடியாத அவர்கள், துணைக்கு ஒருவர் வந்தால் கடந்தனர். இந்தத் ‘துணை’தான் பின்னாளில் பெரும் விவாதத்துக்கு வித்திட்டது. அதே 1871-இல் சென்னையின் மனநோய் விடுதி கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. ஆனால் அத்தகைய விடுதிகள் கடும் மனநோய்க்கானவை. வீட்டைவிட்டு வெளியே வரவே அஞ்சுபவர் அங்கு போய்ச் சேர வழியில்லை.

1895-இல் சிக்மண்ட் ஃபிராய்ட் பதற்ற நரம்பியத்தைத் தனி நோயாகப் பிரித்தார். 1960-களில் நியூயார்க்கில் டொனால்ட் கிளைன், இமிப்ரமின் மருந்து பீதித் தாக்குதல்களைக் குறைப்பதைக் காட்டினார். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு பீதிக் கோளாறைத் தனி நோயாக ஏற்றது. 2013 பதிப்பில் வெளியிட அச்சமும் தனி நோயானது.

இவர்கள் இயல்பிலேயே பிறரைச் சார்ந்திருப்பவர்கள், கூச்சமுடையவர்கள் என்ற கருத்து நீண்டகாலம் நிலவியது. வீட்டார் ‘கோழை’ என்று சொல்வதும் ஏறத்தாழ இதே தீர்ப்புதான். 1980-களின் ஆய்வுகளிலும் சார்புப் பண்பும் விலகும் பண்பும் இந்நோயாளிகளிடம் மிகுந்து காணப்பட்டன. ஆனால் சிகிச்சையால் பீதி தணிந்தபோது, பலரிடம் அப்பண்புகளின் அளவும் குறைந்தது. ஆகவே அளக்கப்பட்டதில் ஒரு பகுதி ஆளுமையன்று, நோயின் நிழலே.

எல்லாமே நிழல் என்றும் சொல்லிவிட முடியாது. எளிதில் கலங்கும் இயல்பு நோய்க்கு முன்பே பலரிடம் இருப்பதை நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. 1985-இல் ஸ்டீவன் ரைஸ், ரிச்சர்ட் மெக்நாலி இருவரும் ‘பதற்ற உணர்திறன்’ என்ற கருத்தை முன்வைத்தனர்: படபடப்பை மாரடைப்பாகவும், தலைசுற்றலைப் பைத்தியத்தின் தொடக்கமாகவும் எண்ணி அந்த அறிகுறிக்கே அஞ்சுவது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இந்த எண்ணத்தையே நேரடியாகச் சோதிக்கச் செய்கிறது. நோயாளி முதலில் தெருமுனை வரை துணையுடன் போகிறார், பிறகு துணையின்றிப் போகிறார், பிறகு பேருந்தில் ஏறுகிறார்.