சடுகுடுவும் கபடியும்

மானிடப் புவியியல் பயிலும்போது நாட்டுப்புறப் பண்பாடு, வெகுசனப் பண்பாடு என்னும் இரு சொற்களை நீங்கள் காண்பீர்கள். முன்னது இடத்துக்கு இடம் வேறுபடும். காலத்தால் மெல்லவே மாறும். பின்னது எங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்; ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே போகும். இவ்விலக்கணத்தை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் என் மாணவர்களை நானும் அவ்வாறே எழுத வைத்தேன். அதன் பொருள் எனக்கு விளங்கியதோ விளையாட்டுத் திடலில்தான்.

1960களின் இறுதியில் எங்கள் ஊர்ச் சிறுவர்கள் ஆடிய ஆட்டத்துக்குச் சடுகுடு என்று பெயர். அறுவடை முடிந்த வயலோ ஆற்று மணலோ எங்கள் களம். நடுவில் காலால் ஒரு கோடு கிழிப்போம். பக்கத்துக்கு எத்தனை பேர் என்பது அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. கோட்டைத் தாண்டி எதிர்ப்புறம் செல்பவனைப் ‘பாடிப் போகிறவன்’ என்போம். அவன் உண்மையாகவே பாட வேண்டும். மூச்சு விடாமல் பாட வேண்டும். பாட்டோ ஊருக்கு ஊர் வேறு. ஓரூரில் தெய்வத்தின் பெயர் வரும். மற்றோரூரில் பாட்டனின் வீரம் வரும். எதிரூராரைப் பற்றிய கேலிக்குப் பஞ்சமே இராது. எங்கள் ஊர்ப் பாட்டுக்கு மூன்று அடிகள். மூன்றாம் அடியை முடிக்கும்வரை மூச்சடக்கியவன் நல்ல ஆட்டக்காரன். பக்கத்து ஊருக்கு ஆடச் சென்றால் முதல் அரைமணி நேரம் விதி பேசுவதிலேயே கழியும். ஆட்டமிழந்தவன் கடைசிவரை வெளியே உட்காருவதா, தன் பக்கத்தார் எதிரியை வீழ்த்தினால் மீண்டும் உள்ளே வருவதா என்று வாதாடுவோம். முடிவில் பெரியவர் ஒருவர் சொல்வதே சட்டம்.

இவ்வாட்டம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. மராட்டியத்தில் ஹுதுது என்றும், வங்காளத்தில் ஹாடுடு என்றும், இலங்கையில் குடு என்றும் இதன் உறவுமுறை ஆட்டங்கள் வழங்கின. பஞ்சாபில் வட்டக் களத்தில் ஆடும் முறை இன்றும் உள்ளது. இதைப் படைத்தவர் இன்னார் என்று எவரும் சுட்ட முடியாது. நாட்டுப்புறப் பண்பாட்டின் அடையாளம் அதுவே.

மாற்றம் மராட்டிய நாட்டில் தொடங்கிற்று. 1920களில் அங்கு இவ்வாட்டத்துக்கு விதிகள் வகுக்கப்பெற்றன. 1936இல் பெர்லின் ஒலிம்பிக் விழாவின்போது அமராவதியைச் சேர்ந்த ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் இதனை ஆடிக் காட்டினர். 1950இல் அகில இந்தியக் கூட்டமைப்பு தோன்றிற்று. களத்தின் நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். பக்கத்துக்கு ஏழு பேர். பாடுதற்குரிய சொல் ‘கபடி’ ஒன்றே என்று முடிவாயிற்று. ஏன் ஒரே சொல்? வெளியூரிலிருந்து வரும் நடுவருக்கு எங்கள் ஊர்ப் பாட்டு தெரியாது. ஆட்டக்காரன் அடியை விட்டானா, மூச்சை விட்டானா என்று அவரால் எப்படிக் கண்டறிய முடியும்? அறியாதவர்கள் அறியாதவர்களோடு ஆட வேண்டுமானால் பொதுச்சொல் வேண்டும். இதில் குற்றம் காண்பதற்கில்லை.

1980களின் நடுவில் நான் ஆசிரியனாகச் சேர்ந்த பள்ளிக்கு அவ்விதிகள் அச்சுப் புத்தகமாக வந்தன. சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டவன் நான். பையன்களின் ஊர்ப்பாட்டுகளை நிறுத்தியவனும் நான்தான். ஒரு மாணவன் மட்டும் பதினைந்து நாள் பயிற்சிக்குப் பிறகும், வேகம் பிடித்ததும் தன் ஊர்ப் பாட்டுக்கே திரும்பிவிடுவான். வட்டாரப் போட்டியில் மூவரைத் தொட்டுத் திரும்பும்போது அவன் வாயில் அதுவே வந்தது. நடுவர் ஆட்டமிழப்பென்று கூறிவிட்டார்; விதிப்படி அது சரியே. நான் பையனைத்தான் கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்து நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆயினும் பழையன எல்லாம் பொன் என்று நான் கூறமாட்டேன். சடுகுடு தொட்டு ஆடும் ஆட்டம். ஆனால் எங்கள் ஆற்றுமணலில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் தொட்டு ஆடியதில்லை. ஒரு தெருவார் மேற்கே ஆடினால் மற்றொரு தெருவார் கிழக்கே ஆடினர். யாரும் அதை வியப்பாகக் கருதவில்லை. அச்சடித்த விதிப்புத்தகம் எவன் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. ஏழு பேர் வேண்டும் என்றது. எங்கள் பள்ளி அணியில் அவ்வேழு பேரும் ஒருவர் கையை ஒருவர் கோத்துப் பிடித்தனர். பெண்களின் செய்தியும் இதுவே. நான் அறிந்த ஊர்களில் மணல்வெளியில் சிறுமியர் இவ்வாட்டம் ஆடக் கண்டதில்லை. கூட்டமைப்பின் விதியில் அவர்களுக்கென 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உடைய களம் உண்டு. 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. இந்திய மகளிர் தங்கம் வென்றனர். ஆடவர் கபடி 1990ஆம் ஆண்டு பெய்ஜிங்கிலேயே இடம் பெற்றுவிட்டது.

2014இல் புரோ கபடி லீக் எட்டு அணிகளோடு தொடங்கிற்று. மண் போய் மெத்தை விரிப்பு வந்தது. காலில் காலணி ஏறிற்று. ‘பாடிப் போதல்’ என்ற சொல் மங்கி ‘ரெய்டு’ என்ற சொல் பரவிற்று. ஒரு ரெய்டுக்கு முப்பது விநாடி. மூச்சைக் கடிகாரம் அளக்கிறது. இருமுறை வெறுங்கையோடு திரும்பிய அணி மூன்றாம் முறை புள்ளி எடுத்தே தீர வேண்டும். இல்லையேல் சென்றவர் வெளியேற வேண்டும். பார்ப்பவர் சலித்துத் தொலைக்காட்சியை அணைத்துவிடக் கூடாதன்றோ! எங்கள் மணலில் பார்ப்பவர் என்று தனியாக எவரும் இல்லை. கரையில் உட்கார்ந்திருந்தவர் அடுத்து ஆட வேண்டியவர்.

இவ்வாறு பொதுவாகிவிட்ட ஒன்று யாருக்கும் தனிச்சொத்தாக இருப்பதில்லை. 2018இல் ஜகார்த்தாவில் ஆடவர், மகளிர் இரு தங்கப் பதக்கங்களையும் ஈரான் எடுத்துச் சென்றது. இந்திய ஆடவர் அணி அரையிறுதியிலேயே ஈரானிடம் தோற்றது. அன்று வருந்தியவர் பலர். எனக்கு வருத்தம் தோன்றவில்லை. வேற்று நாட்டார் கற்று வெல்லும்படி ஓர் ஆட்டத்தை எழுதி வைத்தோம். அவர்கள் கற்று வென்றார்கள்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பள்ளித் திடலில் மின்விளக்கு வெளிச்சத்தில் விரிப்பின்மேல் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தனர். அன்று வட்டாரப் போட்டியில் என்னிடம் கடிந்துரை வாங்கிய மாணவனும் வந்திருந்தார். இப்பொழுது பேரப்பிள்ளைகள் எடுத்தவர். அருகே அவருடைய தம்பியும் இருந்தார். “அந்தப் பாட்டைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்” என்றேன். “நீங்கள்தானே ஐயா வேண்டாம் என்றீர்கள்!” என்று அவர் சிரித்தார். பிறகு இரண்டு அடிகளைத் தடையின்றிச் சொன்னார். மூன்றாம் அடியை அண்ணன் ஒருவிதமாகவும் தம்பி வேறுவிதமாகவும் சொன்னார்கள். எது சரி என்று இருவரும் வாதாடத் தொடங்கினர். நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.