ஒரு விகிதம், இரண்டு அநீதிகள்: மாநிலந்தோறும் மாறும் சிசேரியன் கணக்கு

இந்தியாவில் 100 பிரசவங்களில் 21.5 சிசேரியன் அறுவை மூலம் நிகழ்வதாக 2019–21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகிறது. 2005–06இல் இவ்விகிதம் 8.5 மட்டுமே. ஆனால் இந்தத் தேசியச் சராசரிக்குள் பல இந்தியாக்கள் உள்ளன. தெலங்கானாவில் 60.7, தமிழ்நாட்டில் 44.9, ஆந்திரப் பிரதேசத்தில் 42.4; பீகாரில் 9.7, மேகாலயாவில் 8.2, நாகாலாந்தில் 5.2. மாநில எல்லையைக் கடந்தவுடன் பெண்ணுடல் மாறிவிடுவதில்லை. மாறுபவை மருத்துவமனையும் பணமும் அதிகாரமுமே.

எவ்வளவு சிசேரியன் தேவை? 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் அவசியமில்லை என 1985இல் பிரேசிலின் ஃபோர்டலேசா நகரில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு கருதியது. 2015இல் அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, மக்கள்தொகை அளவில் 10 விழுக்காட்டைத் தாண்டிய உயர்வுக்கும் தாய்சேய் இறப்புக் குறைவுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்றது. குறிப்பிட்ட விகிதத்தை எட்டுவதைவிட, தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அறுவை கிடைக்கச் செய்வதே முக்கியம் என்றும் அது வலியுறுத்தியது. இவ்விரண்டாவது கருத்தைத்தான் நாம் அடிக்கடி மறக்கிறோம்.

பீகாரின் 9.7 இதற்குச் சரியான பாடம். பார்வைக்கு அது பரிந்துரைக்கப்பட்ட அளவுக்கு நெருக்கமானது. பிரித்துப் பார்த்தால், அங்கே அரசு மருத்துவமனைகளில் 3.6, தனியார் மருத்துவமனைகளில் 39.6. நூற்றுக்கு ஏறத்தாழ 24 பிரசவங்கள் மருத்துவமனைக்கு வெளியே நிகழ்ந்தன. பணம் கொடுக்க முடிந்தவருக்குத் தேவைக்கு மேல் அறுவை. முடியாதவருக்குத் தேவையான அறுவையும் இல்லை. இரண்டும் கூடி ‘நல்ல’ சராசரியாகத் தோற்றமளிக்கின்றன. 2018–20இல் பீகாரில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 118 தாய்மார்கள் இறந்தனர். தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19.

குழந்தை வெளிவராமல் பிரசவம் தடைபடும்போது கருப்பை கிழியலாம். சிறுநீர்ப்பையில் துளை விழுந்து வாழ்நாள் முழுதும் சிறுநீர் கசியலாம். அந்நேரத்தில் அறுவை அரங்கும், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரும், இரத்தமும் இருந்தால் மட்டுமே உயிர் நிற்கும்.

தெற்கின் அநீதி வேறு வகையானது. தெலங்கானாவின் தனியார் மருத்துவமனைகளில் 81.5, அரசு மருத்துவமனைகளிலேயே 44.5. தமிழ்நாட்டில் முறையே 63.8, 36.0. மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிய பிரசவத்தைவிடக் குறித்த நேரத்தில் முடியும் அறுவை மருத்துவமனைக்கு வசதி, வருவாயும் கூடுதல். வழக்குக்கு அஞ்சும் மருத்துவர், நல்ல நேரம் பார்க்கும் குடும்பம், பிரசவ அறையின் வசவுக்கு அஞ்சும் பெண் என வேறு காரணங்களும் சேர்கின்றன. முதல் அறுவை அடுத்த அறுவைக்கும் வழி வகுக்கிறது. ஒவ்வொரு தழும்பும் அடுத்த கருவுறுதலில் நஞ்சுக்கொடி கருப்பையோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்தைக் கூட்டுகிறது. அன்றாடக் கூலியில் வாழும் பெண்ணுக்கு, வயிற்றுத் தையல் ஆறும் வாரங்கள் வருவாயற்ற வாரங்கள்.

இதில் சாதி எங்கே இருக்கிறது? நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிசேரியன் விகிதம் பழங்குடிப் பெண்களிடையே மிகக் குறைவு. பட்டியல் சாதிப் பெண்களிடையேயும் பிறரைவிடக் குறைவு. இதை ‘இயற்கைப் பிரசவத்தின் பெருமை’ என்று வாசிப்பது கொடுமை. வட இந்தியாவின் பல பகுதிகளில் தொப்புள்கொடி அறுப்பதும் நஞ்சை அகற்றுவதும் ‘தீட்டு’ வேலைகளாகத் தலித் பெண்கள்மீது சுமத்தப்பட்டன. ஊரார் பிள்ளைகளைப் பிறப்பித்த அப்பெண்களின் சொந்தப் பிரசவம் சிக்கலானபோது மருத்துவர் கிடைக்கவில்லை. பழங்காலச் சுகப்பிரசவம் பற்றிய ஏக்கத்தில் இறந்துபோன தாய்மார்கள் கணக்கில் வருவதில்லை.

ஆகவே, ‘சிசேரியனைக் குறை’ என்ற ஒற்றை முழக்கம் போதாது. அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் இலக்கு வைத்துக் குறைக்கச் சொன்னால், அதன் விலையை அவற்றையே நம்பியிருக்கும் ஏழைப் பெண்களே கொடுப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ராப்சன் வகைப்பாடு இதற்கு உதவும். முதல் பிரசவமா, முன்பு அறுவை நடந்ததா, குழந்தை எந்நிலையில் உள்ளது, ஒன்றா இரட்டையா, மாதம் நிறைந்ததா, வலி தானே தொடங்கியதா என்பவற்றைக் கொண்டு அது தாய்மார்களைப் பத்துப் பிரிவுகளாக்குகிறது. தலைப்பிரசவம், மாதம் நிறைந்த ஒற்றைக் குழந்தை, தலை கீழாக உள்ளது, வலியும் தானே வந்தது என்ற பிரிவில் அறுவைகள் மிகுந்தால், அங்கே கேள்வி எழுப்ப வேண்டும்.

ஒவ்வொரு மருத்துவமனையும், அரசினதாயினும் தனியாருடையதாயினும், இப்பிரிவுகளின்படியும் தாயின் சாதிப் பிரிவின்படியும் கணக்கை வெளியிட வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அதுவரை தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 நம் கையில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் சென்ற ஆண்டு எத்தனை சிசேரியன்கள் நடந்தன, மயக்கவியல் மருத்துவர் எத்தனை நாள் பணியில் இருந்தார், இரத்தம் இருப்பில் இருந்ததா, எத்தனை தாய்மார்கள் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டனர் என்று கேட்கலாம். சராசரி மறைப்பதை அந்த நான்கு விடைகள் காட்டிவிடும்.