100 எம்பிபிஎஸ் பிளான்... டவுன்லோடு மட்டும் ஏன் நொண்டுது? ரூட்டரை மாற்றும் முன் இதைப் பாருங்க!

மாதம் தவறாமல் பணம் கட்டியாச்சு. பிளானில் 100 எம்பிபிஎஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஆனால் 2 ஜிபி ஃபைல் ஒன்று பாதி வரை வந்து அப்படியே நிற்கிறது. கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், "எங்க பக்கம் எல்லாம் கரெக்டா இருக்கு சார், ரூட்டர் பழசாயிருக்கும், மாத்திப் பாருங்க" என்று பதில் வருகிறது. அதை நம்பி சில ஆயிரம் ரூபாய்க்கு புது ரூட்டர் வாங்கி, அதற்குப் பிறகும் அதே வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. கோளாறு எங்கே என்று தெரியாமல் செலவு செய்தால் இதுதான் நடக்கும். கோளாறு வீட்டுக்குள்ளா, லைனிலா, எதிர்ப்பக்க சர்வரிலா என்பதைக் காசு செலவில்லாமல் வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியும்.

முதலில் ஒரு கணக்கு

புகார் சொல்பவர்களில் சிலருக்கு உண்மையில் நெட் சரியாகவே இருக்கும். பிளானில் இருப்பது மெகா 'பிட்'. பிரவுசர் டவுன்லோடு ஆகும்போது காட்டுவது மெகா 'பைட்'. ஒரு பைட் என்பது 8 பிட். எனவே 100 எம்பிபிஎஸ் பிளானில் ஒரு நொடிக்கு அதிகபட்சமாக 12.5 எம்பி வரும். நடைமுறையில் 11 முதல் 12 எம்பி வந்தாலே லைன் முழு வேகத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். அந்த வேகத்தில் 2 ஜிபி ஃபைல் இறங்க சுமார் 3 நிமிடம் ஆகும். அதே ஃபைல் 40 எம்பிபிஎஸ் பிளானில் 7 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். "100 போட்டிருக்கான், 11தான் வருது" என்று சண்டைக்குப் போவதற்கு முன் 8 ஆல் வகுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரே ஒரு ஒயர், பாதி பதில் கிடைச்சிடும்

கணக்குப்படியும் வேகம் குறைவு என்றால், அடுத்து வைஃபையை ஒதுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். லேப்டாப்பையும் ரூட்டரையும் ஒரு லேன் கேபிளில் இணையுங்கள். வீட்டில் மற்ற எல்லோருடைய போன், டிவி வைஃபையையும் அணைத்துவிட்டு, ஸ்பீடு டெஸ்ட் ஓட விடுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் செய்யும் மற்ற எல்லாமே இருட்டில் கல்லெறிவதுதான்.

ஒயரில் முழு வேகம் வந்து, வைஃபையில் மட்டும் குறைந்தால் லைனைக் குறை சொல்லிப் பயனில்லை. வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. முதலாவது தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசையில்தான் மோதிக்கொள்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்துப் பதினைந்து வைஃபை பெயர்கள் போனில் தெரிகிறதென்றால், 2.4-இல் பெரிய ஃபைல் இறக்குவது பஸ் ஸ்டாண்டில் நின்று ரகசியம் பேசுவது மாதிரி. இரண்டாவது வேகமானது. ஆனால் கான்கிரீட் சுவரைப் பார்த்தாலே சோர்ந்துவிடும். ரூட்டர் இருக்கும் அறையில் 5 கிகாஹெர்ட்ஸிலும், தள்ளியிருக்கும் அறையில் 2.4-இலும் இணைவது பொதுவான வழி. 2.4 தவிர வேறு வழியில்லை என்றால், ரூட்டர் செட்டிங்கில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் இந்த மூன்றுதான்.

நம்ம ஊரில் ரூட்டரை வைக்கும் இடமும் ஒரு பிரச்னை. டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோ மேல், ஷோகேஸ் கதவுக்குள், லாஃப்ட்டில் என்று கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து ஒளித்து வைக்கிறோம். அலையை இரும்பு மறைக்கும். காற்றோட்டம் இல்லாத மூலையில் பெட்டி சூடாகி, தானே ரீஸ்டார்ட் ஆகும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தாலே வேகம் மாறுவதைப் பார்க்கலாம்.

இன்னொரு விநோதம். 200 அல்லது 300 எம்பிபிஎஸ் பிளான் எடுத்த பிறகும், ஒயரில் போட்டால் ஸ்பீடு டெஸ்ட் 94-ஐத் தாண்டாமல் நிற்கும். இது நெட் கம்பெனியின் சதி இல்லை. ரூட்டரிலோ லேப்டாப்பிலோ உள்ள லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கும், அல்லது கேபிளுக்குள் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருக்கும். கிகாபிட் வேகத்துக்கு கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு இரண்டே போதும். அதனால் இரண்டு ஜோடி நன்றாக இருந்தால் நெட் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் 100-க்கு இறங்கிவிடும். பழைய கேபிளை மாற்றினாலே சரியாகிவிடக்கூடிய விஷயம் இது.

மெதுவா வருதா? இல்ல... நின்னு நின்னு வருதா?

இரண்டும் வேறு வேறு நோய். சீராக, ஆனால் மெதுவாக வந்தால் எங்கோ வழி குறுகலாக இருக்கிறது. நன்றாக வந்து திடீரென பூஜ்யத்துக்கு விழுந்து, மறுபடி எழுந்தால் எங்கோ இணைப்பு விட்டு விட்டு அறுகிறது. எங்கே அறுகிறது என்பதைப் பிடிக்க ஒரு எளிய வழி உண்டு.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல்கள் இரண்டைத் திறக்க வேண்டும். ஒன்றில் 'பிங்' என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு ரூட்டரின் எண்ணைக் கொடுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 ஆக இருக்கும். ரூட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்க்கலாம். இன்னொரு ஜன்னலில் அதே 'பிங்', ஆனால் 8.8.8.8 என்ற எண். இது வெளியே இருக்கும் கூகுளின் சர்வர். இரண்டிலும் கடைசியில் இடைவெளி விட்டு ஒரு கழித்தல் குறியும், அதை ஒட்டி ஆங்கில 'டி' எழுத்தும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும் வரை ஓடும். இப்போது டவுன்லோடைத் தொடங்கிவிட்டுக் காத்திருங்கள். அது நிற்கும் நேரத்தில் ரூட்டர் பக்கமும் பதில் வராமல் போனால், கோளாறு உங்கள் வைஃபையிலோ ரூட்டரிலோ இருக்கிறது. ரூட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி, வெளி சர்வர் மட்டும் பதில் சொல்லாவிட்டால், கோளாறு லைனில். இரண்டும் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, ஃபைல் மட்டும் நின்றால் அந்த வெப்சைட்டில்தான் சிக்கல். மூன்றுக்கும் மருந்து வேறு.

லைன் என்றால் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். அதில் 'லாஸ்' என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பில் எரிந்தாலோ மினுக்கினாலோ வெளியிலிருந்து வரும் ஒளி போதவில்லை, அல்லது அறவே வரவில்லை என்று பொருள். ஃபைபர் ஒயருக்குள் இருப்பது தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழை. ஜன்னல் இடுக்கில் நசுங்கினாலும், ஆணியில் மடக்கிக் கட்டினாலும், மொட்டை மாடியில் அணில் கடித்தாலும் ஒளி கசிந்துவிடும். சிக்னல் அளவை டெக்னீஷியன் சின்னக் கருவியில் அளப்பார். பொதுவான ஃபைபர் பெட்டிகளுக்கு மைனஸ் 27 டிபிஎம் என்பது கடைசி விளிம்பு. அதை ஒட்டி வந்தால் விட்டு விட்டுத்தான் வேலை செய்யும். "எவ்வளவு காட்டுது?" என்று அவரிடம் கேட்டு, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மடங்கிய இடத்தை நேராக்குவது வரை நீங்கள் செய்யலாம். கனெக்டரைக் கழற்றுவது, உள்ளே கண்ணால் பார்ப்பது வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதல்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் 'திருடன்'

டவுன்லோடு மெதுவாகக் காரணம் அப்லோடாகவும் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஃபைலின் துண்டுகள் வர வர, "வந்துடுச்சு" என்று உங்கள் கம்ப்யூட்டர் எதிர்ப்பக்கத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பதில் தாமதமானால் அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துவிடுவார். கல்யாணத்துக்குப் போய் வந்த அன்று வீட்டில் நாலு போனும் ஆயிரம் போட்டோவை கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தால், மேலே போகும் பாதை அடைபட்டு கீழே வருவதும் நொண்டும். எந்நேரமும் கிளவுடுக்கு வீடியோ அனுப்பும் சிசிடிவியும் இதையே செய்யும். அவசர டவுன்லோடு என்றால் அவற்றை அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள்.

ராத்திரி 9 மணிக்கு மட்டும் ஏன்?

காலையில் பறக்கும், இரவில் தவழும் என்றால் அது நெரிசல். பெரும்பாலான வீட்டு ஃபைபர் இணைப்புகளில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் கொண்ட ஒரே லைன், 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. 64 வீட்டிலும் 100 எம்பிபிஎஸ் பிளான் என்றால் கூட்டினால் 6.4 ஜிபிபிஎஸ் வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் முழுதாகப் பயன்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கணக்கு ஓடுகிறது. கேபிள்காரர் மேலிருந்து வாங்கும் மொத்த அளவும் குறைவாக இருந்தால் இன்னும் மோசம். இதை ரூட்டர் மாற்றி சரிசெய்யவே முடியாது.

ஸ்பீடு டெஸ்ட் நன்றாகக் காட்டுகிறது, ஒரு வெளிநாட்டு சைட் மட்டும் இழுக்கிறதா? ஸ்பீடு டெஸ்ட் பெரும்பாலும் பக்கத்து ஊர் சர்வரோடுதான் பேசுகிறது. கடலுக்கு அப்பால் இருக்கும் சர்வரின் கதை வேறு. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் நெட் மந்தமானது. அந்த நேரங்களில் காத்திருப்பதுதான் வழி.

99 சதவீதத்தில் நின்றால்?

அங்கே நெட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். வந்த ஃபைலை ஆன்டிவைரஸ் சோதித்துக்கொண்டிருக்கும். அல்லது போனில் இடம் தீர்ந்திருக்கும். நேரடியாகப் பென் டிரைவுக்கு இறக்கினால் இன்னொரு பொறி உண்டு. 'ஃபேட்32' முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றை ஃபைல் ஏறவே ஏறாது, 64 ஜிபி காலியாக இருந்தாலும். போனில் பேட்டரி சேவர் போட்டிருந்தால் திரை அணைந்ததும் டவுன்லோடு படுத்துவிடலாம்.

மாதக் கடைசியில் மட்டும் நொண்டுகிறதென்றால் டேட்டா வரம்பைப் பாருங்கள். 'அன்லிமிடெட்' என்று விற்கும் பல பிளான்களில் மாதம் 3,300 ஜிபி என்று சின்ன எழுத்தில் ஒரு வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் வேகம் குறைக்கப்படும். 2023 ஜனவரி முதல் அரசின் வரையறைப்படி குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருந்தால்தான் பிராட்பேண்ட். அதற்கு முன் 512 கேபிபிஎஸ்ஸே போதுமானதாக இருந்தது. 2 எம்பிபிஎஸ்ஸில் அந்த 2 ஜிபி ஃபைல் இறங்க இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

புகார் கொடுக்கணும்னா...

ஒயரில் எடுத்த ஸ்பீடு டெஸ்ட் படங்களை, தேதி, நேரம் தெரியும்படி மூன்று நாள் காலை, மதியம், இரவு என்று எடுத்து வையுங்கள். வைஃபையில் எடுத்ததை நிறுவனம் எளிதாகத் தட்டிக்கழித்துவிடும். புகார் செய்ததும் டாக்கெட் நம்பரைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லாத புகார், பேச்சு வார்த்தையோடு முடிந்துவிடும். பதில் திருப்தி இல்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டு டிராய் விதி. டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். டெலிகாம் வழக்குகளை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று நிறுவனங்கள் வாதாடிவந்தன. விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேவைக்காகச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக்குக் கட்டணம் இல்லை. வீட்டு பிராட்பேண்ட் பில் எதுவும் அந்த அளவை நெருங்கப்போவதில்லை.