துணைக்கு யார் வருவது?

ஐரோப்பிய இசை வரலாற்று நூல்களில் 'ரோம் பரிசு' என்ற பெயர் அடிக்கடி வரும். பெர்லியோஸ் 1830இல் அதை வென்றதும், டெபுஸ்ஸி 1884இல் வென்றதும், ரவேல் ஐந்து முறை முயன்றும் முதல் பரிசு பெறாமல் போனதும் விரிவாகப் பேசப்படுகின்றன. 1905இல் ரவேல் முதல் சுற்றிலேயே நீக்கப்பட்டபோது பெரும் சர்ச்சை எழுந்தது. பாரிஸ் இசைக் கல்லூரியின் தலைமையே மாறியது. திறமையான ஓர் ஆணுக்கு நேர்ந்த அநீதி வரலாற்றில் ஓர் அத்தியாயமாகிவிட்டது. நூறு ஆண்டுகள் பெண்கள் அந்தப் போட்டியின் வாசலைக்கூட மிதிக்க முடியாமல் இருந்தது பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. அந்த அடிக்குறிப்பைக் கொஞ்சம் விரித்துப் படிப்போம்.

பிரான்சின் நுண்கலைக் கழகம் நடத்திய இந்தப் போட்டியில் 1803இல் இசையும் சேர்க்கப்பட்டது. முப்பது வயதுக்கு உட்பட்ட, மணமாகாத இளம் இசைப் படைப்பாளிகள் இதில் பங்கேற்கலாம். முதல் சுற்றில் ஃபியூக் என்னும் கடினமான இசை வடிவம் ஒன்றையும், குழுப்பாடல் ஒன்றையும் எழுத வேண்டும். அதில் தேறியவர்கள் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரே நாடகப் பாடல் பிரதி தரப்படும். அதற்குப் பாடகர்களுக்கும் முழு வாத்தியக் குழுவுக்குமாக, கன்டாட்டா எனப்படும் நீண்ட படைப்பை உருவாக்க வேண்டும். யாருடைய உதவியும் கிடைக்கக் கூடாது என்பதற்காகப் போட்டியாளர்களை ஏறக்குறைய ஒரு மாதம் அடைத்து வைப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த இடம் பாரிஸுக்கு வெளியே இருந்த கொம்பியேன் அரண்மனை. வென்றவருக்கு ரோமில் வில்லா மெடிச்சி மாளிகையில் அரசுச் செலவில் சில ஆண்டுகள் தங்கி எழுதும் வாய்ப்பு. திரும்பி வந்தால் மேடைகளும் பதவிகளும் எளிதாகத் திறக்கும்.

பெண்களுக்கு இசை தெரியாததால் அவர்கள் வெளியே நிற்கவில்லை. லூயிஸ் ஃபாரன்க் 1842இலிருந்து முப்பது ஆண்டுகள் அதே பாரிஸ் இசைக் கல்லூரியில் பியானோ பேராசிரியராக இருந்தார். மூன்று சிம்பொனிகள் எழுதினார். ஆண் பேராசிரியர்களுக்கு நிகரான ஊதியம் வேண்டுமென்று போராடி 1850இல் அதைப் பெற்றார். அவரைப் போன்ற ஒருவருக்கும் இளமையில் ரோம் போட்டிக்குப் போகும் வழி இல்லை. கற்கலாம், கற்பிக்கலாம், மேடையில் வாசிக்கலாம். ஆனால் தேசத்தின் பெயரால் 'படைப்பாளி' என்று முடிசூட்டப்படும் இடம் மட்டும் ஆண்களுக்கானதாக இருந்தது.

1903இல் கல்வி அமைச்சர் ஜோசஃப் ஷோமியே, பெண்களும் போட்டியிடலாம் என்று அறிவித்தார். பெண் ஓவியர்களும் சிற்பிகளும் பல ஆண்டுகள் தொடர்ந்து கேட்டுவந்ததன் பயன் அது. கதவு திறந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருக்க வேண்டும். அந்த ஆண்டே ஜூலியத் தூத்தேன் என்ற இளம்பெண் போட்டிக்கு விண்ணப்பித்தார். உடனே ஒரு கேள்வி எழுந்தது: இளம் ஆண்கள் பலர் தங்கியிருக்கும் அரண்மனையில், மணமாகாத ஒரு பெண் எப்படித் தனியாக இருப்பாள்? துணைக்கு யார் வருவது? அவருக்குத் தனி ஏற்பாடு வேண்டுமென்று குடும்பத்தின் தரப்பில் கேட்கப்பட்டது. விதிகளை மாற்ற முடியாது என்று நிர்வாகத் தரப்பில் இழுபறி நடந்தது. கடைசியில் தூத்தேன் அந்தப் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். 'மணமாகாதவர்' என்ற ஒரே விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு பொருள் தந்தது. மணமாகாத ஆண் என்றால் குடும்பப் பொறுப்பு இல்லாதவன், சுதந்திரமானவன், ரோமுக்குப் போகத் தடையற்றவன். மணமாகாத பெண் என்றால் காவலுக்கு உரியவள். துணையோடு வந்தால் போட்டி விதியை மீறியவள் ஆவாள். துணையில்லாமல் வந்தால் ஒழுக்க விதியை மீறியவள் ஆவாள். எந்தப் பக்கம் போனாலும் குற்றம் அவள் மேல்தான். அனுமதி கொடுத்தவர்கள், ஆண்களின் வாழ்க்கையை அளவெடுத்துத் தைத்த போட்டியில் ஒரு தையலைக்கூடப் பிரிக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1904இல், எலேன் ஃப்ளூரி மூன்றாம் நிலைப் பரிசைப் பெற்றார். இசைப் பிரிவில் பரிசு பெற்ற முதல் பெண் அவரே. அவருக்குப் பின் வந்தவர் நதியா புலான்ஷே. அவருடைய தந்தை எர்னெஸ்ட் புலான்ஷே 1835இல் இதே பரிசை வென்றவர். 1906 முதல் 1909 வரை நதியா ஒவ்வொரு ஆண்டும் போட்டியிட்டார். 1908இல் முதல் சுற்றுக்குத் தரப்பட்ட ஃபியூக், குரல்களுக்காக எழுதப்பட வேண்டியது. நதியா அதை நரம்பு வாத்தியங்களுக்காக எழுதினார். கொடுக்கப்பட்ட கருப்பொருள் அதற்கே பொருந்தும் என்பது அவர் தீர்ப்பு. நடுவர் குழுவில் இருந்த சேன்-சான்ஸ் கடுமையாக எதிர்த்தார். செய்தி பத்திரிகைகளில் பரவியது. அவர் தொடர அனுமதிக்கப்பட்டாலும் அந்த ஆண்டு கிடைத்தது இரண்டாம் நிலைப் பரிசுதான். அடுத்த ஆண்டு அதுவும் இல்லை. விதியை மீறும் இளைஞனைத் துணிச்சல்காரன் என்பார்கள். விதியைத் தன் இசையறிவால் மறுத்த இளம்பெண், பிடிவாதக்காரி என்ற பெயரோடு வெளியேறினார்.

பெண்களின் எண்ணிக்கை அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியதாகவே இருந்தது. ஆனாலும் விமர்சகர் எமில் வுய்யேர்மோஸ் 1912இல், இசைத்துறையைப் பெண்கள் கைப்பற்றப் போகிறார்கள் என்ற பொருளில் 'ரோஜா நிற அபாயம்' என்று தலைப்பிட்டு எழுதினார். நூறு ஆண்டு முழு ஆதிக்கம் யாருக்கும் அபாயமாகத் தெரியவில்லை. ஓரிரு பெண்கள் உள்ளே வந்ததும் அபாயம் என்ற சொல் வந்துவிட்டது.

இந்தச் சூழலில்தான் நதியாவின் தங்கை லிலி வருகிறார். 1893இல் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோதே நிமோனியா தாக்கியதால் வாழ்நாள் முழுதும் நோயோடு இருந்தவர். 1912இல் போட்டியிட்டு, உடல்நிலை காரணமாக இடையில் விலகினார். 1913இல் மீண்டும் வந்தார். அந்த ஆண்டு தரப்பட்ட பிரதியின் பெயர் 'ஃபாவுஸ்த்தும் எலேனும்'. ஃபாவுஸ்த் பேரழகி எலேனை அடைய விரும்புகிறான். மெஃபிஸ்டோ மறைந்துபோன காலத்திலிருந்து அவளை வரவழைத்துத் தருகிறான். அவளுக்காக மடிந்த வீரர்களின் ஆவிகள் எழுந்து வருகின்றன. ஆண்களின் ஆசைக்காக உறக்கத்திலிருந்து எழுப்பப்படும் ஒரு பெண்ணுக்கு, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அரண்மனையில் அடைந்து கிடந்து இசை எழுதினாள். லிலியின் படைப்பைக் கேட்பவர்களுக்கு, எலேன் வெறும் அழகுப் பொருளாக அதில் ஒலிக்கவில்லை என்பது புரியும்.

இறுதித் தீர்ப்பை இசைஞர்கள் மட்டும் வழங்குவதில்லை. ஓவியர்களும் சிற்பிகளும் கட்டடக் கலைஞர்களும் உட்பட நுண்கலைக் கழகம் முழுவதும் வாக்களிக்கும். படைப்பு அவர்கள் முன் பாடிக் காட்டப்படும். எழுதியவர் எதிரிலேயே நிற்பார். 36 வாக்குகளில் 31 லிலிக்குக் கிடைத்தன. இசைக்கான முதல் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். அந்த ஆண்டு க்ளோத் தெல்வின்கூர் என்ற ஆண் படைப்பாளிக்கும் முதல் பரிசு தரப்பட்டது.

அன்றைய பத்திரிகைகள் லிலியின் இசையோடு அவருடைய மெலிந்த உருவத்தையும் எளிய உடையையும் அடக்கத்தையும் சேர்த்தே புகழ்ந்தன. அனெக்ரெட் ஃபவுசர் என்ற இசை வரலாற்றாசிரியர் இதைக் கவனமாக ஆராய்ந்திருக்கிறார். எதிர்த்து நின்ற அக்கா அச்சுறுத்தலாகத் தெரிந்தாள். நோயுற்ற, குழந்தை போன்ற தங்கை பாதுகாக்கப்பட வேண்டியவளாகத் தெரிந்தாள். இப்படிச் சொல்வதால் லிலியின் வெற்றி சிறுத்துவிடாது. அந்த இசை இன்றும் மேடைகளில் நிற்கிறது. ஆனால் எப்படிப்பட்ட பெண்ணிடம் மேதைமையை ஒப்புக்கொள்ள அந்த அவை தயாராக இருந்தது என்பதை நாம் பார்க்காமல் இருக்க முடியாது.

1914 வசந்தத்தில் லிலி ரோமுக்குப் போனார். தாயும் உடன் சென்றார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஜூலியத் தூத்தேனைத் தடுத்த கேள்வி, முதல் பரிசு வென்ற பிறகும் லிலியைப் பின்தொடர்ந்தது. சில மாதங்களில் உலகப் போர் மூண்டது. சகோதரிகள் இருவரும் போர்முனையில் இருந்த இசைக் கல்லூரி மாணவர்களுக்காக 1915இல் ஓர் உதவிக் குழுவை நடத்தத் தொடங்கினார்கள். நோய்க்கு நடுவே லிலி மூன்று சங்கீதங்களுக்கும் பழைய பௌத்தப் பிரார்த்தனை ஒன்றுக்கும் இசை எழுதினார். கடைசிப் படைப்பான 'பியே யேசு'வைப் படுக்கையிலிருந்தே சொல்லச் சொல்ல, நதியா எழுதிக்கொண்டார். 1918 மார்ச் 15ஆம் தேதி, 24 வயதில், லிலி இறந்தார்.

நதியா பிறகு சொந்தமாக எழுதுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். ஏரோன் கோப்லண்டிலிருந்து ஃபிலிப் கிளாஸ் வரை இருபதாம் நூற்றாண்டின் பல இசைப் படைப்பாளிகளுக்குக் கற்பித்தவர் அவர். 1979இல் இறக்கும்வரை தங்கையின் இசையை உலகம் மறக்காமல் பார்த்துக்கொண்டார். அவரை 'மாபெரும் ஆசிரியை' என்று வரலாறு போற்றுகிறது. இசையில் கற்பிக்கும் இடம் பெண்ணுக்கு எப்போதும் எளிதாகத் தரப்படுகிறது. ஃபாரன்க் காலத்திலும் அதுதான் நடந்தது.

லிலிக்குப் பின் மார்கரித் கனால் 1920இல், ஜான் லெலு 1923இல், எல்சா பாரேன் 1929இல், இவோன் தெபோர்த் 1932இல் முதல் பரிசு பெற்றார்கள். லெலு தன் பதினோராவது வயதில், ரவேல் குழந்தைகளுக்காக எழுதிய பியானோ படைப்பின் முதல் அரங்கேற்றத்தில் வாசித்தவர். ரவேலுக்குக் கிடைக்காத பரிசு அந்தச் சிறுமிக்குப் பின்னாளில் கிடைத்தது. பாரேன் நாஜி ஆக்கிரமிப்பின்போது இசைஞர்களின் எதிர்ப்பு இயக்கத்தில் முன்னின்றவர். இவர்களின் பெயர்களில் எத்தனை நமக்குத் தெரியும்? பரிசு கிடைத்தால் போதும், இடம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையை இந்த வரிசை பொய்யாக்குகிறது. படைப்பு அச்சாக வேண்டும், வாத்தியக் குழுக்கள் மீண்டும் மீண்டும் வாசிக்க வேண்டும், மாணவர்கள் படிக்க வேண்டும். இவற்றுக்கு யார் பொறுப்பு என்று எந்த நடுவர் குழுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

1968 மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகு ரோம் பரிசுப் போட்டி கைவிடப்பட்டது. நூற்று அறுபத்தைந்து ஆண்டுகளில் முதல் நூறு ஆண்டுகள் பெண்களுக்கு இடமே இல்லை. எஞ்சிய காலத்தில் வந்தவர்கள், இசையோடு சேர்த்துத் தங்கும் அறைக்கும் துணைக்கும் தோற்றத்துக்கும் பதில் சொல்லியே எழுத வேண்டியிருந்தது. எந்தப் போட்டியிலாவது 'பெண்களும் விண்ணப்பிக்கலாம்' என்ற வரியைப் பார்க்கும்போது தூத்தேனை நினைத்துக்கொள்வோம். எங்கே தங்குவது, எந்த வயதுவரை அனுமதி, யார் முன் நிற்க வேண்டும், வென்ற பிறகு என்ன என்பவற்றை எழுதிய பக்கத்தையும் சேர்த்துப் படிப்போம். அனுமதி உண்மையானதா இல்லையா என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.