கயிறு இழுத்த கை, கேமரா பிடித்த கை

வேளச்சேரி ஏரி நிறைந்தால் அதன் உபரி நீர் கிழக்கே நேராகக் கடலுக்குப் போவதில்லை. தெற்கே பள்ளிக்கரணை சதுப்பில் இறங்கிப் பரவி நிற்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, கால்வாயோடு தெற்கே முட்டுக்காடு வரை போய், கோவளத்துக்குப் பக்கத்தில்தான் கடலைப் பார்க்கிறது. திருவான்மியூர்க் கடற்கரை ஏரியிலிருந்து சில கிலோமீட்டர்தான் என்றாலும், நிலத்தின் சரிவு தண்ணீரை இவ்வளவு தூரம் சுற்றவைக்கிறது. மழைக்காலம் முடிந்து முட்டுக்காட்டில் கயாக் ஓட்டுகிறவர், வேளச்சேரியில் பெய்த மழையின் ஒரு பங்கின் மேல்தான் மிதக்கிறார்.

அங்கே ஞாயிறு காலைகளில் வருகிறவர்களின் கழுத்தில் தண்ணீர் புகாத உறையில் செல்போன் தொங்குகிறது. கரையோரச் சேற்றிலிருந்து ஒரு நாரை எழும்பினால் துடுப்பு மடிக்கு வந்துவிடும், கை போனைத் தேடும். உறையைத் திறந்து திரையைத் தட்டுவதற்குள் நாரை போயிருக்கும், கயாக்கும் காற்றின் போக்கில் திரும்பியிருக்கும். பார்த்துக்கொண்டே போவதா, நின்று படம் எடுப்பதா என்ற இந்தச் சங்கடம் செல்போனோடு வந்தது என்றுதான் எவருக்கும் தோன்றும். இதே நீர்வழியின் பழைய கதையைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. படகைச் செலுத்தும் கை யாருடையது, காட்சியைப் பிடிக்கும் கை யாருடையது என்பதுதான் இதன் அடியில் கிடக்கும் கேள்வி. நெடுங்காலம் அவை இரண்டு வெவ்வேறு மனிதர்களின் கைகளாக இருந்தன.

கால்வாயிலிருந்தே தொடங்கலாம். 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய தனியார் வாய்க்கால்தான் முதல் துண்டு. பின்னர் அரசு அதை எடுத்துக்கொண்டது. வடக்கிலும் தெற்கிலும் நீட்டியது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில் மட்டும் ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் இணைப்பில்லாமல் கிடந்தது. 1876-ல் பெரும் பஞ்சம் வந்தது. உயிர் பிழைக்கச் சென்னைக்கு வந்த எலும்பும் தோலுமான மக்களைக் கொண்டு, நிவாரண வேலை என்ற பெயரில், அந்த எட்டு கிலோமீட்டரும் வெட்டப்பட்டது. 1878-ல் அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. வெட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை.

இந்த வழியில்தான் சென்னைக்குச் சவுக்கு விறகும், உப்பும், சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் வந்தன. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கழி ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது ஒருவர் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பார். சரக்குப் படகிலும் பயணிகள் படகிலும் முறை ஒன்றே. இழுப்பவர் கண் கரைப்பாதையில், அடுத்த அடி வைக்கும் இடத்தில் இருக்கும். உள்ளே இருப்பவர் கண்ணுக்குத்தான் வானம், நீர், பனை எல்லாம்.

இந்தப் பிரிவை ஒரு கவிஞர் பார்த்தார் என்பது தமிழுக்குப் பெருமை. 1930-களில் பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையில் தோணி ஏறி, இந்தக் கால்வாய் வழியே மாமல்லபுரம் போனார். அந்தப் பயணம் ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதையானது. மாலை வெயில் நீரில் விழுவதையும், கரையில் பனையும் ஈந்தும் சேர்ந்து நிற்பதையும், கிழக்கே நிலவு ஏறுவதையும் அவர் வியந்து வியந்து சொல்லிக்கொண்டு போகிறார். சென்னையை விட்டுத் தெற்கே போன அந்தத் தோணி ஒக்கியம் மடுவு கால்வாயில் சேரும் இடத்தையும், முட்டுக்காட்டு நீர்ப்பரப்பையும் கடந்துதான் ஆகவேண்டும். அன்றைக்கு அந்தக் கரைகளில் கட்டடங்கள் இல்லை. நிலவொளி நீர்மேல் தடையின்றி விழுந்திருக்கும். கேமரா பற்றிய பேச்சே கவிதையில் இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்லில் பிடிக்கும் வேலை மட்டும்தான்.

பிறகு அவர் பார்வை கரைக்குப் போகிறது. அங்கே ஒரு மனிதர் தோணியின் கயிற்றைத் தோளில் தாங்கி இழுத்து நடக்கிறார். அதைக் கண்டதும் அதுவரை ஓடிய அழகுணர்ச்சியின் நடுவே ஒரு வலி புகுந்துவிடுகிறது. தன் கண்ணுக்குக் கிடைத்த விருந்தின் விலையை இன்னொருவர் தோள் கொடுக்கிறது என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. இயற்கையைப் பார்ப்பதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் இவ்வளவு நேர்மையான இடங்கள் குறைவு. பயணக் குறிப்பு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் படகோட்டியைக் காட்சியின் ஒரு பகுதியாக்கி ஓவியம் தீட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

தன் கையாலேயே படகு செலுத்தும் பொழுதுபோக்கு சென்னையில் அப்போது இல்லாமலில்லை. 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் அடையாற்றில் துடுப்புப் படகுப் பந்தயங்களை வளர்த்தது. ஆனால் அந்தப் படகில் உட்காருகிறவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரவேண்டும். கடந்துவிட்ட கரையைத்தான் அவர் காண்கிறார். பந்தயத்துக்கு அது சரி, பறவை பார்க்க உதவாது. நம் கடற்கரையின் கட்டுமரக்காரர் முன்னால் பார்த்தபடி முழந்தாளிட்டுத் துடுப்புப் போட்டார். அவர் பார்த்ததெல்லாம் அலை, நீரின் நிறம், மீன் கூட்டத்துக்கு மேலே வட்டமிடும் ஆலாக்கள். பிழைப்புக்கான அந்தப் பார்வையின் கூர்மைக்கு எந்தச் சுற்றுலாப் பயணியின் பார்வையும் ஈடாகாது.

கேமரா சென்னை மாகாணத்தில் பரவத் தொடங்கியது 1850-களில். கம்பெனி அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858-ல் திருவரங்கம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை என்று பெரிய கேமராவையும் காகித நெகட்டிவ்களையும் சுமக்கவைத்துக்கொண்டு சுற்றினார். கோயிலும் பாறையும் அவருக்கு அசையாமல் நின்று கொடுத்தன. ஒளி உள்ளே விழ அதிக நேரம் வேண்டியிருந்ததால், பறக்கும் பறவையை அந்தக் கருவியால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆடும் படகிலிருந்து படம் என்பதும் அப்படித்தான்.

படகையும் கேமராவையும் முதலில் சேர்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஜார்ஜ் ஷைராஸ். மிச்சிகன் மாநிலத்து ஏரிப் பகுதியில் அவர் வேட்டைக்காரராகத்தான் தொடங்கினார். அங்கிருந்த ஒஜிப்வே பழங்குடியினரிடம் ஒரு முறை இருந்தது: இரவில் சிறு படகின் முனையில் விளக்கை வைத்து ஓசையில்லாமல் நெருங்கினால், தண்ணீர் குடிக்க வந்த மான் ஒளியைப் பார்த்து அப்படியே நின்றுவிடும். துப்பாக்கியை வைத்துவிட்டு, அதே முறையில் கேமராவையும் வெடிப்பொடி வெளிச்சத்தையும் கொண்டு போனார் ஷைராஸ். அவர் எடுத்த 74 படங்களை ‘நேஷனல் ஜியாகிரபிக்’ 1906 ஜூலை இதழில் வெளியிட்டது. அறிவியல் இதழ் படப் புத்தகமாகிவிட்டது என்று நிர்வாகக் குழுவில் இருவர் பதவி விலகினார்கள். இன்று அந்த இதழை உலகம் அறிவது படங்களால்தான். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. படகின் முன்பக்கம் கேமராவோடு ஷைராஸ் உட்கார்ந்திருந்தார். பின்னால் அலை எழாமல் துடுப்புப் போட்டவர் அவருடைய உதவியாளர்.

சென்னையின் மிகப் பெரிய இயற்கைப் புகைப்படக்காரர் கதையிலும் இந்த இரண்டாவது மனிதர் இருக்கிறார். மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், மயிலாப்பூரில் வளர்ந்தவர். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தார். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் சாகும்வரை இயற்கை பற்றிய பத்தியை எழுதினார். தமிழிலும் எழுதினார், அந்தக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன். ஒரு கம்பெனியின் கேமரா உடலையும் இன்னொன்றின் லென்ஸையும் தானே பொருத்திச் செய்த கனமான கருவியை வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தார். காட்டில் நடந்தும் போனார், வளர்ப்பு யானை மேல் ஏறியும் போனார். யானை மேல் போகும்போது கிருஷ்ணனின் கைகளுக்கு விடுதலை தந்தவர் கழுத்தில் உட்கார்ந்திருந்த மாவுத்தர். கிருஷ்ணனிடம் கற்கவேண்டியது கருவியை விடப் பொறுமையை. அவருக்குப் படம் என்பது நீண்ட கவனிப்பின் கடைசியில் வருவது. அவருடைய எழுத்தில் ஒரு விலங்கு எப்படி நிற்கும், எப்படித் திரும்பும் என்பதெல்லாம் நுணுக்கமாக இருப்பதற்குக் காரணம், கேமராவுக்கு முன்பே கண் அங்கே போயிருந்ததுதான்.

கயாக் இந்த ஏற்பாட்டைக் கலைத்தது. ஆர்க்டிக் கடலில் இன்யூட் மக்கள் சீல் தோலைச் சட்டகத்தின் மேல் இழுத்துத் தைத்துக் கட்டிய வேட்டைப் படகு அது. ஒருவர் மட்டும் உட்காரும் இடம், இரு முனையிலும் பலகை உள்ள துடுப்பு, முகம் முன்னே. ஸ்காட்லாந்து வழி வந்த வழக்கறிஞர் ஜான் மெக்ரிகர் 1865-ல் அதைத் தழுவி மரத்தில் ஒரு படகு செய்து ஐரோப்பிய ஆறுகளில் சுற்றினார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய புத்தகம்தான் இந்தப் படகை ஓய்வுநேரப் பொழுதுபோக்காக்கியது. முன்னால் பார்த்தபடி போகலாம் என்பதை அவர் பெரிய அனுகூலமாக எடுத்துச் சொன்னார். கரையொதுங்கிப் படங்கள் வரைந்தார். அதாவது, போகும்போது போனார், வரையும்போது நின்றார்.

முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை 1984-ல் வந்தது. மிதிபடகும் விசைப்படகும் அதன் அடையாளமாக இருந்தன. பிளாஸ்டிக் கயாக்குகள் பின்னால்தான் பரவின. கோவளத்தில் அலைச்சறுக்கு பிரபலமானதும் அவற்றுக்கும் ஆள் சேர்ந்தது. கயாக்கில் ஏறியதும் தோணிக் கயிற்றை இழுத்தவரும் உள்ளே அமர்ந்து பார்த்தவரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். பாரதிதாசனை உறுத்திய கடன் இங்கே இல்லை. அதற்கு ஈடாக, கை ஓய்வில்லை. துடுப்பை நிறுத்தினால் வண்டியைப் போல நின்ற இடத்தில் நிற்காது கயாக். காற்று மூக்கைத் திருப்பும், ஓதம் உள்ளே இழுக்கும் அல்லது முகத்துவாரம் பக்கம் தள்ளும். படம் எடுக்க நின்றவர் உண்மையில் நிற்கவில்லை, கட்டுப்பாடில்லாமல் நகர்ந்துகொண்டிருக்கிறார்.

துடுப்புப் போட்டுக்கொண்டே போகிறவருக்குக் கிடைப்பது வேறு வகை. பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீட்டி நீந்துவது, மீன்கொத்தி ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாக விழுவது, மட்டச் சேற்றில் சிறு நண்டுகள் வளைக்குள் ஓடுவது எல்லாம் நீர்மட்டத்திலிருந்து தெரிகின்றன. உப்புச் சுவை உதட்டில் ஏறுகிறது. நீரோட்டம் மாறும் இடம் கைக்குத் தெரிகிறது. இவற்றில் பாதியைக் கேமராவால் எடுக்கவே முடியாது. ஓட்டுவதும் பார்ப்பதும் ஒன்றாகும் இந்த அனுபவத்துக்கே முதலிடம் தரவேண்டும் என்று இந்தக் கட்டுரை உறுதியாக நினைக்கிறது.

ஆனால் படத்தை அவமதிக்கவும் வேளச்சேரிக்காரர்களுக்கு உரிமை இல்லை. ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்ததாகக் கணிக்கப்படும் பள்ளிக்கரணை, பெருங்குடிக் குப்பைமேட்டாலும் சாலைகளாலும் கட்டடங்களாலும் சிறு பங்காகச் சுருங்கியது. அரசுப் பதிவேட்டிலும் பொதுப் பேச்சிலும் அது நெடுநாள் வெறும் ‘புறம்போக்கு’. குப்பை எரியும் புகைக்கு முன்னால் பூநாரைகள் நிற்கும் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்தபிறகு, அங்கே ஒன்றுமில்லை என்று சொல்வது கடினமாயிற்று. கள ஆய்வாளர்களின் பறவைப் பட்டியல்களும் குடியிருப்போர் போராட்டமும் நீதிமன்ற வழக்குகளும் சேர்ந்து தள்ளியதில், 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022-ல் 1,247 ஹெக்டேர் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் படங்களை எடுத்தவர்கள் சாலையோரத்தில் முக்காலி வைத்து நின்றவர்கள். சதுப்புக்குள் படகு விட்டவர்கள் அல்லர்.

2015 டிசம்பரில் சதுப்பு இழந்த இடத்தைத் தண்ணீர் கேட்டு வந்தது. வேளச்சேரித் தெருக்களில் மீனவர்கள் தங்கள் பைபர் படகுகளைக் கொண்டுவந்து மக்களை ஏற்றினார்கள். படகில் இருந்தவர்கள் கை துடுப்பிலும் கயிற்றிலும் இருந்தது. மொட்டை மாடியில் நின்றவர்கள் கையில் செல்போன் இருந்தது. எந்த ஏரி எந்தத் தெருவழியே எங்கே இறங்கியது என்பதற்கு அந்தப் படங்கள் இன்றும் சாட்சி. உயிர்களைக் காத்தது படகு பிடித்த கை.

இன்று கால்வாயின் வடபகுதியில் கயாக் விட வழியில்லை. மயிலாப்பூர்ப் பக்கம் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே ஊன்றப்பட்டிருக்கின்றன; கழிவுநீர் கறுத்து ஓடுகிறது. பாரதிதாசனின் தோணி போன வழியில் தெற்குப் பகுதிதான் மிச்சம். அங்கும் நவம்பர் முதல் மார்ச் வரை வலசை வரும் பறவைகள் இரை தேடும் மேட்டுச் சேற்றுக்கு அருகே, படத்துக்காக மூக்கை நுழைக்கும் கயாக்குகள் அவற்றை எழுப்பி விரட்டிவிடுகின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உடம்புக்கு ஒவ்வொரு எழும்பலும் செலவு. கரையிலிருந்து நீண்ட லென்ஸில் எடுக்கவேண்டிய படத்தைப் படகிலிருந்து செல்போனில் எடுக்க முயல்வதன் சேதம் பறவைக்குத்தான்.

இருவர் உட்காரும் கயாக்கில் போகிறவர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். போகும்போது பின்னால் இருப்பவர் துடுப்பைப் பார்த்துக்கொள்கிறார், முன்னால் இருப்பவர் கேமராவை. பறவைக் கூட்டத்துக்குத் தொலைவிலேயே பின்னவர் படகை ஓதத்துக்கு எதிராகப் பிடித்து நிறுத்துகிறார். முன்னவருக்கு ஒன்றிரண்டு படம் போதும். கரையில் ஏறித் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும்போது இடம் மாற்றிக்கொள்கிறார்கள்.